"ஆணையும் பிடிக்கும்தானே, பிறகென்ன?" – டெல்டாவில் ஆலோசனை தேடும் சிறுபான்மைப் பெண்களைப் பற்றி

அரசலாறு (இழையைத் தொடங்கியவர்) | செவ்வாய், இரவு 9.40

கும்பகோணத்தில் 14 ஆண்டுகளாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். நான் செய்த ஒரு தவறைச் சொன்னால்தான் என் கேள்வி புரியும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண் வந்தார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டில் வேறு மொழி பேசும், ஊரில் எண்ணிக்கை குறைந்த ஒரு சமூகத்தவர். தலைவலி, தூக்கமில்லை என்று சொல்லித்தான் வந்தார். மூன்றாவது முறை வந்தபோது, கைக்குட்டையை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பிறகு சொன்னார். கல்லூரியில் உடன் படித்த பெண் ஒருத்தியை மூன்று வருடம் காதலித்திருக்கிறார். அது முடிந்தபின் ஓர் ஆணையும் அதே அளவு விரும்பியிருக்கிறார். "நான் யார் என்றே தெரியவில்லை" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அதை அப்படியே வாய்விட்டுச் சொன்னேன். "ஆணையும் பிடிக்கும்தானே, பிறகென்ன? கவலைப்பட ஒன்றுமில்லையே."

அவர் முகம் மாறவில்லை. கைக்குட்டையைப் பைக்குள் வைத்தார். கட்டணத்தை மேசையில் வைத்து, மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க என் பேனாவை அதன்மேல் வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவே இல்லை.

அவரை நான் திட்டவில்லை, பாவம் என்று சொல்லவில்லை, மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் வாழ்ந்த மூன்று வருடத்தை ஒரே வாக்கியத்தில் துடைத்துப் போட்டேன். இன்றும் அந்தப் பேனாவை எடுத்தால் அது நினைவுக்கு வருகிறது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இருபாலீர்ப்புள்ள, அதாவது ஆணையும் பெண்ணையும் விரும்பும் பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும், ஆண்களை மட்டும் விரும்பும் பெண்களைவிட அதிகம். பெண்களை மட்டும் விரும்பும் பெண்களோடு ஒப்பிட்டாலும் அதிகம் என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஈர்ப்பு நோயாக இருப்பதால் வருவதல்ல இது. ஆண்களை மட்டும் விரும்பும் பெண்கள், பெண்களை மட்டும் விரும்பும் பெண்கள் என்ற இரண்டு பக்கத்திலும் இவர்களை நம்பாததும் இதற்கு ஒரு காரணம். சிறுபான்மையாக இருப்பதே உடலையும் மனத்தையும் அழுத்தும் சுமை என்பதை இலான் மேயர் 2003இல் விரிவாக எழுதினார். மதத்தாலோ மொழியாலோ ஏற்கெனவே சிறுபான்மையாக இருக்கும் பெண்ணுக்கு அந்தச் சுமையின் மேல் இன்னொரு சுமை. பண்பாட்டை அறிந்து ஆலோசனை தருவது பற்றி டெரால்ட் விங் சூவும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் எழுதியதில், ஆலோசகர் முதலில் தன் மனச்சாய்வைப் பார்க்க வேண்டும், வந்தவரின் உலகத்தை அறிவது அதற்குப் பிறகு என்ற வரிசை இருக்கிறது. நான் முதல் படியிலேயே வழுக்கியவள்.

ஆனால் அந்த எழுத்தெல்லாம் வேறு மண்ணில் எழுதியது. கூத்தாநல்லூரிலும் திருபுவனத்திலும் தஞ்சை மேலவீதியிலும் இருந்து வரும் பெண்ணுக்கு அதை எப்படிச் செய்வது? அனுபவப்பட்டவர்கள், குறிப்பாக ஆலோசனை தேடிப் போய் மனம் புண்பட்டுத் திரும்பியவர்கள், எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைமடை | செவ்வாய், இரவு 11.15

நாகை மாவட்டக் கடலோரம் எங்கள் ஊர். முஸ்லிம் பெண். 31 வயது. இருபாலீர்ப்பு என்ற சொல்லை நான்கு வருடத்துக்கு முன்புதான் அறிந்தேன். அது சுட்டும் விஷயத்தைப் பதினாறு வயதிலிருந்து அறிவேன்.

எனக்கு முதலில் கிடைத்த சிகிச்சை உம்மா ஏற்பாடு செய்தது. ஓதி ஊதிய தண்ணீர், கழுத்தில் தாயத்து, நாற்பது நாள். உம்மாவுக்கு விஷயம் தெரியாது. நான் சாப்பிடாமல் கிடந்ததுதான் தெரியும். அந்த நாற்பது நாளும் இரவில் என் தலைமாட்டில் உட்கார்ந்து முடியைக் கோதிவிட்டார். அதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் முடியாது.

இரண்டாவது, ஒரு பெரிய நகரத்தில் படித்த ஆலோசகர். மிகவும் அன்பானவர். நான் சொன்னது எதுவும் அவருக்கு அதிர்ச்சி தரவில்லை. ஆனால் இரண்டாம் நாளே, "உங்களைக் கட்டி வைத்திருப்பது உங்கள் மதம்தான், அதிலிருந்து வெளியே வந்தால் மூச்சு விடலாம்" என்றார். அன்று லுஹர் தொழுதுவிட்டுத்தான் அவரிடம் போயிருந்தேன். என்னை மூச்சு விட வைத்துக்கொண்டிருந்ததே அந்தத் தொழுகைதான். அதை எடுத்துவிட்டு எதை வைத்து நான் நிற்பது? அரசலாறு அவர்களே, நீங்கள் அந்தப் பெண்ணின் பாதியைத் துடைத்தீர்கள் என்றால் அவர் என் மறுபாதியைத் துடைக்கப் பார்த்தார்.

எங்கள் ஊரில் பெண் பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு கட்டத் தொடங்குவார்கள். வாப்பா இருபத்திரண்டு வருடம் சபர் (வெளிநாட்டு வேலைக்கு) போய்ச் சம்பாதித்த பணத்தில் எனக்கென்று கட்டிய வீடு, மாடிக் கைப்பிடிக்குச் சாயம் பூசாமல், மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கிறது. என் திருமணத்துக்குப் பள்ளிவாசல் ஜமாஅத்தின் கடிதம் வேண்டும். என் பெயர் தெருவில் அடிபட்டால், தங்கையின் திருமணத்துக்கு அந்தக் கடிதம் கேட்கும் நாளில் வாப்பா தலைகுனிந்து நிற்பார். "வெளியே சொல்லிவிடுங்கள், பாரம் இறங்கும்" என்று சொல்கிறவர்கள், நான் இறக்கி வைக்கும் பாரத்தை யார் தூக்குவார்கள் என்று கேட்பதில்லை. என் தங்கைதான் தூக்குவாள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் புர்காவையும் பார்க்காமல், அதற்குள் ஒளிந்திருப்பதாக அவர்கள் கற்பனை செய்யும் அடிமையையும் பார்க்காமல், எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று கேட்கும் ஒருவர்.

ஓய்வாசிரியர் | புதன், காலை 6.05

தஞ்சாவூர். வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள். எங்கள் அரசர்கள் ஆட்சி 1855இல் முடிந்துபோனது. மொழி இன்னும் சமையலறையில் இருக்கிறது. வயது 63. என் மகளுக்காக எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் அவள் என்னிடம் சொன்னாள். அவள் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவள்மீது எனக்குக் கோபம் இல்லை. எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. இரண்டு பேரையும் பிடிக்கும் என்றால், கஷ்டமில்லாத வழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்தானே? எங்கள் சமூகத்தில் வரன் தேடினால் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவளுக்குப் பின் எங்கள் வீட்டில் இந்த மொழி பேச ஆள் இல்லை. இதையெல்லாம் நான் கேட்பது தவறா? அவளிடம் கேட்டேன். அன்றிலிருந்து போனில் "சரிப்பா, சரிப்பா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

தறிமேடை | புதன், மதியம் 2.20

ஐயா, உங்கள் மகளின் இடத்தில் இருந்தவள் பதில் சொல்கிறேன். கும்பகோணம் பக்கம், சௌராஷ்டிர நெசவுக் குடும்பம். திருமணமாகி ஒன்பது வருடம். ஒரு பையன்.

நீங்கள் சொன்ன வழியைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. என் கணவரை விரும்பித்தான் கட்டிக்கொண்டேன், இன்றும் விரும்புகிறேன். நான் அவரிடம் நடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு அழுகை வரும். ஆனால் ஐயா, தேர்ந்தெடுப்பது வேறு, அழிப்பது வேறு. பக்கத்து வீட்டில் தறிக்கு நூல் (தார்) சுற்ற வந்தவள் ஒருத்தி. ராட்டையின் முன் உட்கார்ந்து அவள் நூல் அறுந்தால் நான் முடி போடுவேன், என் நூல் அறுந்தால் அவள். பத்தொன்பது வயதில் அவள்தான் எனக்கு எல்லாம். அவளைக் கட்டிக்கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பிய அன்று நான் பந்தியில் பரிமாறினேன். அந்தத் துக்கத்தை ஒருவரிடமும் சொல்லி அழுததில்லை. கணவன் இறந்தால் ஊரே கூடி அழுகிறது. அவள் போனதற்கு நான் குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிள்ளை பிறந்த பிறகு மனச்சோர்வு வந்தது. ஒரு ஆலோசகரிடம் போனோம். நான் இதைச் சொன்னதும் அவர், "இப்போது ஒன்றுமில்லையே? பிள்ளையின் தலையில் கை வைத்துச் சொல்லுங்கள்" என்றார். அடுத்த வாரம் என் அனுமதி இல்லாமல் கணவரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். என் கணவர் நல்ல மனிதர், அதனால் பிழைத்தேன். அவரைப் போல் இல்லாத ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தால் அந்த ஒரு தொலைபேசி அழைப்பில் என் பிள்ளையை இழந்திருப்பேன்.

இருவரையும் விரும்புகிறவள் என்றால் ஒரே நேரத்தில் இருவரிடமும் போகிறவள் என்று நினைக்கிறார்கள். வேதனையெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. ஐயா, உங்கள் மகள் "சரிப்பா" என்று சொல்வதை நிறுத்த வேண்டும் என்றால் வரன் பேச்சை ஆறு மாதம் எடுக்காதீர்கள். மொழி பிழைப்பதும் அவள் பிழைப்பதும் ஒரே தராசில் வைக்கக் கூடியவை அல்ல. என் மொழிக்கும் பேச ஆள் குறைந்துகொண்டுதான் வருகிறது. அந்த வலி எனக்கும் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

வெண்ணாறு | புதன், இரவு 8.50

அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மேலே சொன்ன பெண்களுக்கு நேர்ந்ததில் ஆலோசகர்கள் செய்தவை சட்டப்படியும் தொழில்முறைப்படியும் எங்கே நிற்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஈர்ப்பு நோயல்ல. உலக சுகாதார அமைப்பு 1990இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் அதை நோயல்ல என்று வெளிப்படையாக அறிவித்தது. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று ஒரு மருத்துவர் சிகிச்சை தந்தால் அது தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 பாலீர்ப்பையும் மதத்தையும் பண்பாட்டையும் சாதியையும் காரணமாக வைத்து வேற்றுமை காட்டக் கூடாது என்கிறது. ரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக எழுதி வைத்திருக்கிறது. தறிமேடை, உங்களைக் கேட்காமல் அந்த ஆலோசகர் உங்கள் கணவரைக் கூப்பிட்டது பெரும் பிழை.

மனச்சோர்வுக்கு மருந்து உண்டு, அது தேவைப்பட்டால் தயங்காமல் சாப்பிட வேண்டும். ஈர்ப்புக்கு மருந்து இல்லை. இந்த இரண்டையும் குழப்பி, மருந்து எழுதியவுடன் "இதற்குத்தான் மருந்து" என்று குடும்பம் நினைத்துக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். எதற்கு மருந்து என்பதை அந்தப் பெண்ணிடம் தனியாக, தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊருக்கே உரிய சங்கடம் ஒன்று. வெளிநோயாளி வரிசை. சீட்டு எழுதும் இடத்தில் "என்ன பிரச்சினை?" என்று உரக்கக் கேட்பார்கள். பின்னால் நிற்பவர் சித்தப்பாவின் சம்பந்தியாக இருப்பார். சிறிய சமூகத்துப் பெண்ணுக்கு ஊர் முழுக்க உறவு. அதனால் நான் "தூக்கமின்மை" என்று மட்டும் எழுதச் சொல்வேன். அது பொய்யும் அல்ல, வந்தவருக்குத் தூக்கம் இல்லைதான். வேறு மொழிக்காரர் வந்தால் கூடவந்த அண்ணியையோ அத்தையையோ மொழிபெயர்க்க வைக்கவே கூடாது. அண்ணி காதில் விழுந்தால் அது இரவுக்குள் வீடு போய்ச் சேரும்.

நீதிமன்றச் சாலை | வியாழன், காலை 10.30

வழக்கறிஞர். இங்கே பேச்சு முழுவதும் பயத்தைச் சுற்றியே போகிறது, அதனால் எழுதுகிறேன். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்த தன்பாலினத்தவர் இணங்கிக் கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய பகுதியை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து நீக்கியது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து பாதுகாப்புத் தேடி வந்த இரண்டு பெண்களின் வழக்கில், காவல் துறை தொந்தரவு செய்யக் கூடாது என்றும், மாற்றும் சிகிச்சைக்குத் தடை என்றும் வழிகாட்டினார். தீர்ப்பு எழுதுவதற்கு முன் தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர் அவர். 2025 மே மாதத்தில் அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி அல்ல என்று சொல்லி, பெற்றோர் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவர் விருப்பப்படி போக விட்டார்கள். தன்பாலினத் திருமணத்தை உச்ச நீதிமன்றம் 2023இல் ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் இவ்வளவு இருக்கும்போது, மறைந்து வாழும்படி ஆலோசகரே சொல்லலாமா?

கடைமடை | வியாழன், மதியம் 1.45

ஐயா, அந்தத் தீர்ப்புகளை நான் வரி வரியாகப் படித்தவள். 2021 தீர்ப்பு வந்த இரவு அழுதேன். ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போனால், நான் வீடு திரும்புவதற்குள் செய்தி தெருவுக்குத் திரும்பியிருக்கும். நாளிதழில் "முஸ்லிம் இளம்பெண்" என்று போடுவார்கள். என் ஊரை வெறுக்கக் காரணம் தேடுகிறவர்களுக்கு நான் ஒரு காரணமாகிவிடுவேன். பெரும்பான்மைச் சமூகத்துப் பெண் வீட்டோடு சண்டையிட்டால் அது அந்த வீட்டுச் சண்டை. நான் சண்டையிட்டால் அது என் சமூகத்தின் மீது சாட்சி சொல்வதாக ஆக்கிவிடுவார்கள். நான் சாட்சி சொல்ல வரவில்லை.

நான் மறைந்து வாழச் சொல்லும்படி யாரையும் கேட்கவில்லை. எப்போது, யாரிடம், எவ்வளவு என்பதை நான் முடிவு செய்யும்வரை கூட இருக்கச் சொல்கிறேன்.

நீதிமன்றச் சாலை | வியாழன், மாலை 4.10

நீங்கள் சொல்லும் அந்தச் சாட்சிக் கூண்டை நான் யோசித்ததில்லை. ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடி, பூட்டி வைத்தல், கட்டாயத் திருமணம் என்று வந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது. ஆலோசகர் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆதார் அட்டையும் சான்றிதழ்களும் யார் கையில் இருக்கின்றன என்பதுகூட ஆலோசனைக்குள் வரும் கேள்விதான்.

அரசலாறு | வியாழன், இரவு 10.05

எல்லோருடைய பதிவையும் இரண்டு முறை படித்தேன். நான் இப்போது எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

ஃபிரிட்ஸ் க்ளைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1978இல் ஒரு கட்டம் வகுத்தார். ஒருவரின் ஈர்ப்பை ஒரே சொல்லில் அடக்காமல் 7 அம்சங்களாகப் பிரித்தார். உடல் ஈர்ப்பு, நடந்தது, கற்பனை, மனப்பிணைப்பு, யாரோடு பழகப் பிடிக்கும், எந்த வட்டத்தில் வாழ்கிறோம், தன்னை என்னவென்று அழைத்துக்கொள்கிறோம். ஒவ்வொன்றுக்கும் முன்பு, இப்போது, விரும்புவது என்று மூன்று. காகிதத்தில் இந்தக் கட்டத்தைக் கொடுத்தால் வந்தவர் தேர்வு எழுதுவதுபோல் உறைந்துபோகிறார். எழுதிய காகிதம் வேறு, கிழித்தாலும் பயம்.

ஒருநாள் அலமாரியில் பாட்டியின் பல்லாங்குழி கண்ணில் பட்டது. ஒரு பக்கத்துக்கு ஏழு குழி. மேல் வரிசை முன்பு, கீழ் வரிசை இப்போது. கையில் ஒரு பிடி புளியங்கொட்டையும் ஒரு பிடி சோழியும். புளியங்கொட்டை பெண், சோழி ஆண். ஒரு குழியில் இரண்டையும் போடலாம், ஒன்றுமே போடாமலும் விடலாம். எதையும் சொல்லவே வேண்டாம். முதன்முதலில் அதைச் செய்த பெண் மனப்பிணைப்புக் குழியில் புளியங்கொட்டைகளைக் குவித்தார். பழகும் வட்டத்தில் ஒரே ஒரு சோழி, அவர் அண்ணன். கடைசிக் குழியை, அதாவது தன்னை என்னவென்று அழைப்பது என்ற குழியை, உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "இது காலியாக இருக்கட்டும்" என்றார். இருக்கட்டும் என்றேன். போகும்போது தானே எல்லாவற்றையும் அள்ளிப் பையில் போட்டுக் கட்டினார். எழுத்தாக எதுவும் மிஞ்சவில்லை.

அந்தக் காலிக் குழியை நிரப்ப அவசரப்படாமல் இருப்பது எனக்கு இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது. இருபாலீர்ப்பு என்ற சொல் சிலருக்குக் கதவைத் திறக்கிறது, சிலருக்கு நெற்றியில் ஒட்டிய சீட்டாக உறுத்துகிறது. நான் அந்தச் சொல்லைச் சொல்லி, இப்படி ஒரு சொல் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேசையில் வைப்பதோடு சரி.

தறிமேடை சொன்ன துக்கம் எனக்குப் பெரிய பாடம். இனி முதலில் எதிர்காலத்தைக் கேட்க மாட்டேன். இழந்ததைக் கேட்பேன். கடைமடையிடமிருந்து, "உங்களைத் தாங்குவது எது?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். பதில் தொழுகையாக இருந்தால் தொழுகை நேரத்தைப் பார்த்துத்தான் சந்திப்பு நேரம் குறிக்க வேண்டும். ஆனால் வெண்ணாறு அம்மாவோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். உறவினர் யாருமே வேண்டாம் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. சிலருக்கு ஓர் அத்தை, ஒரு ராத்தா (அக்கா), ஏற்கெனவே பாதி தெரிந்து மௌனமாகக் காத்து நிற்பார். அவரை அழைக்கலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும். முடிவு அவருடையது.

வெண்ணாறு | வியாழன், இரவு 10.40

ஒத்துக்கொள்கிறேன், மொழிபெயர்க்க வேண்டாம், துணையாக வரலாம். நேரில் வர முடியாதவர்களுக்கு, 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவை தமிழிலும் பேசுகிறது, கட்டணம் இல்லை. பெயரையோ ஊரையோ உடனே சொல்லிவிடத் தேவையில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள்.

ஓய்வாசிரியர் | வெள்ளி, காலை 6.20

நேற்று இரவு மகளிடம் பேசினேன். வரன் பேச்சு எடுக்கவில்லை. சாப்பிட்டாயா என்று மராத்தியில் கேட்டேன். பதினெட்டு நிமிடம் பேசினாள். தன் மனத்துக்குப் பிடித்த பெண்ணின் பெயரைச் சொன்னாள். யார் என்று நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

இன்னொரு கேள்வி. என் மனைவி, நான் எதையோ மறைக்கிறேன் என்று கண்டுகொண்டாள். முப்பத்தைந்து வருடத்தில் அவளிடம் எதையும் மறைத்ததில்லை. நானே சொல்லிவிடலாமா?

தறிமேடை | வெள்ளி, காலை 7.00

வேண்டாம் ஐயா. அது உங்கள் மகள் சொல்ல வேண்டியது. "மகள் என்னிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள், அவளே உன்னிடம் சொல்வாள், பயப்படும்படி ஒன்றுமில்லை" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், இப்படிச் சொல்லட்டுமா என்று மகளைக் கேட்டுவிடுங்கள்.

கடைமடை | வெள்ளி, காலை 7.25

அரசலாறு அக்கா, தனிமடல் அனுப்பியிருக்கிறேன். கும்பகோணத்துக்கு நேரில் வர முடியாது. எங்கள் ஊரில் கல்யாண ஜவுளி எடுக்க அங்கேதான் வருவார்கள், யாராவது பார்த்துவிடுவார்கள். தொலைபேசியில் என்றால் மாலையில் அஸர் தொழுகைக்கும் மக்ரிப் தொழுகைக்கும் நடுவில் மாடியில் ஆள் இருக்க மாட்டார்கள்.

அரசலாறு | வெள்ளி, காலை 7.40

திங்கள்கிழமை ஐந்து மணிக்கு உங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கிறேன். யாராவது மாடிக்கு வந்துவிட்டால் "தையல் அளவு பிறகு சொல்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள், எனக்குப் புரியும்.